மாமனார் கண்ணுல லைட்டடிச்ச கதை

நான் திருச்சியில வேலை பாக்குறேன், வீட்டுக்காரிக்கு ஊரு அறந்தாங்கி பக்கம். மாசத்துல ரெண்டு வெள்ளிக்கிழமையாவது ஆபீஸ் முடிச்சிட்டு அப்படியே கிளம்பிருவோம், கீரனூர் தாண்டும்போதே இருட்டிரும், புதுக்கோட்டையில ஒரு டீ, அப்புறம் அறந்தாங்கி ரோடு, கடைசி ஏழெட்டு கிலோமீட்டர் ஊருக்குள்ள போற சின்ன ரோடு. அந்த மாதிரி ரோட்டுல ராத்திரி ஓட்டினவங்களுக்குத் தெரியும். அறுவடை நேரத்துல ரோட்டுல பாதி அகலத்துக்கு நெல்லு காயப்போட்டிருப்பாங்க, வண்டி ஏறிடக்கூடாதுன்னு ஓரத்துல வரிசையா கல்லு வச்சிருப்பாங்க, சாயங்காலம் நெல்லை அள்ளிட்டுப் போயிருவாங்க, கல்லு மட்டும் அங்கேயே கெடக்கும். தார் சூட்டுக்கு மாடு வந்து படுத்திருக்கும். டிராக்டர் டிரெய்லர்ல பின்னாடி லைட்டுன்னு ஒன்னு எரிஞ்சு நான் பாத்ததே இல்ல.

என் வண்டி 2011 மாடல் சின்ன கார், எச்4 பல்பு போட்ட சாதா ஹெட்லைட். வாங்கின புதுசுல நல்லாதான் இருந்துச்சு, அப்புறம் வருசம் போகப் போக சிம்னி விளக்கு மாதிரி ஆயிருச்சு. எனக்கும் நாப்பது தாண்டிருச்சு, கண்ணும் முன்ன மாதிரி இல்ல, அதை ஒத்துக்க மனசு வருமா, வண்டி லைட்டுதான் மோசம்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டுமே காரணம்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு.

முதல் தப்பு 100/90. கம்பெனி பல்பு 60/55 வாட்ஸ், அதாவது ஹை பீமுக்கு (பிரைட்) 60, லோ பீமுக்கு (டிம்) 55. கடையில "சார் 100/90 போட்டுக்குங்க, ரேலி வண்டிக்கெல்லாம் இதான்"னு சொன்னாங்க, விலையும் பெருசா ஒன்னுமில்ல, போட்டாச்சு. முதல் நாள் சூப்பர். ஒரு கணக்கு நான் போட்டுப் பாக்கல. 60 வாட்ஸ் ரெண்டு பல்புன்னா 120 வாட்ஸ், 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர், 100 ஆக்கினா 200 வாட்ஸ், 16 ஆம்பியருக்கு மேல. என் வண்டியில இந்த கரண்ட் மொத்தமும் ஸ்டியரிங் பக்கத்துல இருக்கிற அந்த சின்ன சுவிட்ச் வழியாத்தான் போயிட்டு வருது, ரிலே (சின்ன கரண்டை வச்சுப் பெரிய கரண்டைத் தட்டி விடுற சுவிட்ச்) கிடையாது. ஒரு தடவை புதுக்கோட்டையில டீக்கு நிறுத்தினப்ப லைட் சுவிட்ச் தண்டை தொட்டா சுடுது, பிளாஸ்டிக் கருகுற வாசம் வேற. பானெட்டைத் தூக்கிப் பாத்தா பல்பு ஹோல்டர் ஒரு பக்கம் பழுப்பாகி உருகி இளகிப் போயிருக்கு. நல்ல நேரம், ஃபியூஸ் வயருன்னு தீப்பிடிக்கல. சுவிட்ச்சும் ரெண்டு ஹோல்டரும் மாத்தினதுல மூவாயிரத்துக்கு மேல ஆச்சு.

அதுல பாடம் கத்துக்கிட்டேனான்னா இல்ல. "அப்போ எல்ஈடிதான் சார், கரண்டே இழுக்காது, பகல் மாதிரி இருக்கும்"னாங்க. டப்பாவுல 20,000 லுமென்ஸ்னு போட்டிருந்துச்சு. (லுமென்னா வெளிச்சத்தோட அளவு. எச்4 ஹாலஜன் பல்பு ஒன்னு லோ பீம்ல சுமார் 1000 லுமென், ஹை பீம்ல 1650. இதைத் தெரிஞ்சிக்கிட்டு அந்த டப்பாவைப் பாத்தா சிரிப்புதான் வரும்.) 6000 கெல்வின், பளீர் வெள்ளை. பல்புக்குப் பின்னாடி குட்டி ஃபேன் ஒன்னு துருத்திக்கிட்டு இருக்கும், அதனால ஹெட்லைட் பின்னாடி மூடுற ரப்பர் மூடி உக்காரல, கடைப் பையன் கத்தரிக்கோலை எடுத்து ரப்பரை வட்டமா வெட்டி விட்டுட்டான். லைட்டைப் போட்டா எஃப்எம்ல இரைச்சல் வேற. அதெல்லாம் ஒரு விசயமா, வீட்டு சுவத்துல அடிச்சுப் பாத்தா சுவரே கண்ணைக் கூசுது, அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது.

அந்த வாரம் ஊருக்குப் போறப்ப வழக்கத்தை விட நல்லா வேகமாத்தான் போனேன். எதிர்ல வர்றவங்க எல்லாரும் டிம் டிப் அடிச்சு அடிச்சுக் காட்டுறாங்க. நான் லோ பீம்லதான் வர்றேன்னு நானும் ஒரு தடவை ஹை பீம் அடிச்சுக் காட்டி, "பாத்துக்க, இதான் பிரைட்டு"ன்னு பதில் சொல்லிட்டு வந்தேன். ஒரு லாரிக்காரர் ரொம்ப நேரம் டிம் பண்ணச் சொல்லிக் கேட்டுப் பாத்துட்டு, கடைசியில அவரும் பிரைட்டை வச்சு அப்படியே விட்டுட்டாரு, ரெண்டு பேருக்கும் ஒன்னும் தெரியல, ரெண்டு பேரும் கடவுள் புண்ணியத்துல தாண்டிப் போனோம். வீட்டுக்காரி மட்டும் "எல்லாரும் ஏங்க நம்மளையே திட்டுறாங்க"ன்னு கேட்டா. பொறாமைன்னு சொன்னேன். நிஜமாவே சொன்னேன்.

கடைசி அந்த சின்ன ரோட்டுல, கண்மாய்க் கரை திரும்புற இடத்துல ஒரு எக்ஸ்எல் வண்டி எதிர்ல வந்துச்சு. மங்கலா ஒரு மஞ்சள் லைட்டு, பழைய எக்ஸ்எல் எல்லாம் ஆக்சிலேட்டரைத் திருகுனாதான் லைட்டே எரியும், பிரேக் பிடிச்சு ஸ்லோ பண்ணா லைட்டும் அணையுற மாதிரி ஆயிரும். அது அப்படியே ஆடி ஆடி ஓரத்துக்குப் போயி கருவேலம் புதர் பக்கம் நின்னுருச்சு. நான் தாண்டிப் போயிட்டேன். குடிச்சிட்டு வர்றான் போலன்னு கூட நெனச்சேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவி உக்காந்து அத்தை இட்லி எடுத்து வைக்கிறப்ப, ஒரு இருபது நிமிசம் கழிச்சு மாமா உள்ள வர்றாரு. வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு, கெண்டைக்கால்ல முள்ளு கீறி ரத்தம் கோடு போட்டிருக்கு. "வாங்க மாப்ள, எப்ப வந்தீங்க"ன்னு கேட்டுட்டு அப்படியே அத்தை பக்கம் திரும்பி ஆரம்பிச்சாரு பாருங்க. மோட்டாரை அமத்திட்டு வரலாம்னு வயலுக்குப் போனாராம், கண்மாய்க் கரையில எவனோ ஒரு தறுதலைப் பய வெள்ளை லைட்டைப் போட்டுக்கிட்டு வந்தானாம், கண்ணு ரெண்டும் அவிஞ்ச மாதிரி ஆயிருச்சாம், ரோடு எங்க முடியுதுன்னே தெரியாம இறக்கத்துல காலை ஊன்றினாராம். அதுக்கு மேல அவர் சொன்னதை இங்க எழுத முடியாது. அவனோட அப்பன் ஆத்தாவையும் சேத்துத் திட்டினாரு, அதாவது எங்க அப்பா அம்மாவை. அத்தை "நல்ல வேளை ஒன்னும் ஆகல"ன்னு மஞ்சப்பொடியைத் தேடி எடுத்துட்டு வந்தாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அஞ்சாவது இட்லியைத் தின்னுட்டு இருந்தேன். வீட்டுக்காரி என்னையவே பாத்துட்டு இருந்தா, வாயைத் திறக்கல, அதுக்கு இன்னிக்கு வரைக்கும் நன்றி சொல்லிட்டு இருக்கேன்.

மாமாவுக்கு 68 வயசு. அந்த வயசுல கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமா மங்கும், அதுல பட்ட வெளிச்சம் உள்ளயே சிதறி திரை போட்ட மாதிரி ஆயிரும், லைட்டு தாண்டிப் போனப்புறமும் பழையபடி பார்வை திரும்ப இளவட்டங்களை விட ரொம்ப நேரம் எடுக்கும். நமக்கு ரெண்டு செகண்டுல சரியாகுறது அவங்களுக்கு ஆகாது. 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல போகுது, அதையும் சேத்து யோசிச்சுக்குங்க.

மறுநாள் ராத்திரி மச்சான்கிட்ட கார் சாவியைக் குடுத்து, "நீ ஊருக்கு வெளிய போயிட்டு லோ பீம்ல மெதுவா வா"ன்னு சொல்லிட்டு, நான் மாமாவோட எக்ஸ்எல்லை எடுத்துக்கிட்டு அதே கண்மாய்க் கரை திருப்பத்துக்குப் போனேன். அவன் எதுக்கு அத்தான்னு கேட்டான், சும்மா ஒரு டெஸ்டுன்னு சொன்னேன். தூரத்துல வர்றப்பவே ரெண்டு லைட்டு தனித்தனியா தெரியல, வெள்ளையா ஒரு கட்டி மாதிரி தெரிஞ்சுச்சு. கிட்ட வர வர, ரோடு போச்சு, ஓரத்துல இருந்த பனை மரம் போச்சு, கைப்பிடியில இருக்கிற என் கையே தெரியல. காரு என்ன காரு, எவ்வளவு தூரத்துல இருக்கு, வருதா நிக்குதா, எதுவும் புரியல. நின்னுக்கிட்டு இருந்த நானே ஒரு அடி பின்னாடி வச்சேன். தாண்டிப் போனப்புறம் கண்ணுக்குள்ள பச்சையும் ஊதாவுமா ரெண்டு வட்டம் மிதந்துட்டே இருந்துச்சு. இத்தனைக்கும் அது லோ பீம்.

ஞாயித்துக்கிழமை காலையில அறந்தாங்கியில ஒரு ஆட்டோ எலெக்ட்ரீசியன் பாய்கிட்ட வண்டியைக் கொண்டு போனேன். வயசான ஆளு, லாரி வயரிங் பாத்துப் பாத்து கையெல்லாம் கருத்துப் போயிருக்கும். என் எல்ஈடியைக் கழட்டி பெஞ்சுல வச்சாரு, பக்கத்துல ஒரு பழைய ஹாலஜன் பல்பை வச்சாரு. "இதைப் பாருங்க தம்பி"ன்னு ஸ்க்ரூ டிரைவர் நுனியால காட்டினாரு.

எச்4 பல்புக்குள்ள ரெண்டு ஃபிலமென்ட் இருக்கும். லோ பீமுக்கு எரியுற ஃபிலமென்ட்டுக்கு அடியில மட்டும் சின்னதா ஒரு தகரத் தொன்னை மாதிரி இருக்கும். அந்தத் தொன்னை கீழ போற வெளிச்சத்தை மறைச்சிரும், மேல போற வெளிச்சம் மட்டும் ரிஃப்ளெக்டரோட மேல் பாதியில பட்டு கீழ் நோக்கி ரோட்டுல விழும். கீழ் பாதியில வெளிச்சம் பட்டா அது மேல் நோக்கித் திரும்பி எதிர்ல வர்றவன் மூஞ்சிக்குப் போகும், அதைத் தடுக்கத்தான் அந்தத் தொன்னை. ஹை பீம் போட்டா இன்னொரு ஃபிலமென்ட், அதுக்குத் தொன்னை இல்ல, முழு ரிஃப்ளெக்டரும் வேலை செய்யும். இதுல எல்லாமே அந்த ஃபிலமென்ட் நிக்கிற இடத்தை வச்சுக் கணக்குப் பண்ணின வளைவு. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே வெளிச்சம் வேற எங்கயோ போகும்.

எல்ஈடியில என்ன ஆகுதுன்னா, ஒரு தட்டையான பலகை, அதோட ரெண்டு பக்கமும் சிப்பு. ஃபிலமென்ட் மாதிரி சுத்தி எல்லாப் பக்கமும் வெளிச்சம் வராது, பலகையோட தடிமனால சிப்பு இருக்க வேண்டிய இடத்துலயும் இல்ல. ரிஃப்ளெக்டருக்கு அது புரியாது, கண்ட இடத்துக்கும் தெளிச்சு விடும். "ஆட்டுக்கல்லுல மிக்ஸி பிளேடு போட்ட மாதிரி"ன்னு பாய் சொன்னாரு. பலகையைத் திருப்பி சிப்பு ரெண்டும் இடது வலது பார்க்கிற மாதிரி வச்சா கொஞ்சம் குறையும், என்னோடது மேல கீழ பாத்துக்கிட்டு இருந்துச்சு, அதாவது எவ்வளவு தப்பா மாட்ட முடியுமோ அவ்வளவு தப்பா. சரியா திருப்பி வச்சாலும் ஹாலஜன்ல வர்ற மாதிரி மேல இருட்டு கீழ வெளிச்சம்னு பிரிக்கிற கோடு வராதுங்கிறதையும் அங்கேயே கடை ஷட்டர் மேல அடிச்சுக் காட்டிட்டாரு.

ஜெர்மனியில 2020ல இருந்து சில எல்ஈடி பல்புகளை அனுமதிக்கிறாங்க, ஆனா அதுவும் இந்த பல்பு, இந்த கார் மாடல், இந்த ஹெட்லைட்டுன்னு ஜோடி ஜோடியா டெஸ்ட் பண்ணிப் பட்டியல் போட்டு. எல்லா வண்டிக்கும் பொருந்தும்னு டப்பாவுல போட்டிருந்தாலே சந்தேகப்படணும். உங்க ஹெட்லைட் கண்ணாடியில ஓரமா HCRனு ஆங்கிலத்துல அச்சடிச்சிருந்தா அது ஹாலஜனுக்காகச் செஞ்ச ஹெட்லைட், லோ ஹை ரெண்டுக்கும். எச்ஐடி, அதாவது செனான் பல்பு கிட்டும் இதே கதைதான், சொல்லப்போனா அது இன்னும் மோசம். கம்பெனியே எல்ஈடி போட்டுக் குடுக்கிற வண்டி வேற, அதுல ரிஃப்ளெக்டரும் ப்ரொஜெக்டரும் அந்த சிப்புக்குன்னே செஞ்சது. அதுலயும் கண்ணு கூசத்தான் செய்யுது, பெரிய எஸ்யூவில ஹெட்லைட் உக்காந்திருக்கிற உயரத்துக்கு சின்ன கார்ல இருக்கிற நம்ம கண்ணுக்கு நேரா வருது, அது என் கையில இல்லாத சமாச்சாரம்.

சட்டமும் இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 106ஆவது விதி, லைட்டு நிரந்தரமா கீழ் நோக்கி இருக்கணும், 8 மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்துல கண்ணு இருக்கிற ஆளுக்கு வண்டியோட வலது பக்கம் நின்னாலும் கூசக்கூடாதுன்னு சொல்லுது. எக்ஸ்எல்ல உக்காந்திருக்கிற மனுசனோட கண்ணும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். கம்பெனி குடுத்ததை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆவது பிரிவு வேற. முன்னெல்லாம் டிராபிக் போலீஸ் நிறுத்தி ஹெட்லைட் நடுவுல கருப்பு ஸ்டிக்கர் ஒட்டி விடுவாங்க, லாரி பஸ்ல மேல் பாதிக்குக் கருப்புப் பெயிண்ட்டே அடிச்சிருக்கும், சின்ன வயசுல அது கண்திருஷ்டிக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன். அதே மாதிரிதான் நாலு வழிச்சாலை சென்டர்ல இருக்கிற அரளிச் செடியும், அழகுக்குன்னு நெனச்சேன், எதிர்ப்பக்க லைட்டு கண்ணுல படாம மறைக்கவும்தான் அதை அங்க வளக்குறாங்க. எங்க ரோட்டுல அரளியும் இல்ல சென்டரும் இல்ல.

சரி, அப்போ வெளிச்சத்துக்கு என்ன பண்றதுன்னு பாய்கிட்ட கேட்டேன். அவர் மல்டிமீட்டரை எடுத்தாரு. இஞ்சின் ஓடுறப்ப பேட்டரியில 14.1 வோல்ட். லைட்டைப் போட்டு பல்பு ஹோல்டர்ல அளந்தா 12.0. ரெண்டு வோல்ட்டு வழியிலயே காணோம். பதினாலு வருச வயரு, பச்சை பூத்த கனெக்டர், அந்த சுவிட்ச், எர்த் போல்ட்டுல துரு, எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் தின்னுட்டாங்க. ஹாலஜன்ல ஒரு விசேசம், வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 10 சதவீதம் குறையாது, ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். நான் பல்பை மாத்தி மாத்தி காசை விட்டதெல்லாம், மோட்டார்ல தண்ணி வரலைன்னு பைப்பை மாத்தாம பக்கெட்டை மாத்தின கதை.

அவர் செஞ்சது இவ்வளவுதான். பேட்டரியில இருந்து நேரா தடிமனான வயரு, நடுவுல ஃபியூஸ், லோவுக்கு ஒரு ரிலே ஹைக்கு ஒரு ரிலே, பீங்கான் ஹோல்டர், பழைய வயரு இப்ப ரிலேயைத் தட்டி விடுற வேலை மட்டும் பாக்கும். எர்த் போல்ட்டைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சு மறுபடி முறுக்கினாரு. பல்பு பழையபடி 60/55, பேர் தெரிஞ்ச கம்பெனியோடது, ஜோடி. கண்ணாடியைக் கையால தொடாம மாட்டச் சொன்னாரு, விரல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை ஒட்டினா அந்த இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போயிரும். மறுபடி அளந்தா 13.7. அதே பல்பு, வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கும் மேல. பல்பு ஆயுசு கொஞ்சம் குறையும், அதுக்கு ஒரு ஸ்பேர் டேஷ்போர்டுல கெடக்குது. கூலி சாமான் எல்லாம் சேத்து எல்ஈடிக்குக் குடுத்ததை விடக் கம்மிதான்.

ஹெட்லைட் கண்ணாடின்னு நாம சொல்றது நிஜத்துல பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயில்ல மஞ்சளாகி பால் பிடிச்ச மாதிரி ஆயிரும். அதுல வெளிச்சம் குறையுறது மட்டும் இல்ல, சிதறவும் செய்யும், அதாவது உங்களுக்கும் தெரியாது எதிர்ல வர்றவனுக்கும் கூசும். தண்ணி விட்டுக்கிட்டே 800, 1000, 2000ன்னு வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சு, பாலிஷ் போட்டு, கடைசியில யூவி கோட்டிங் அடிக்கணும். அந்தக் கடைசி வேலையை நான் முதல் தடவை சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன், ஆறு மாசத்துல முன்னை விட மோசமா மஞ்சளடிச்சிருச்சு. பேஸ்ட் போட்டுத் தேய்க்கிற வைத்தியம் ஒரு ரெண்டு வாரத்துக்குத் தாங்கும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன், ஃபோகஸ். இதை யாரும் பாக்குறதே இல்ல, பல்பு மாத்தினாலே ஃபோகஸ் நகரும், பம்பர் இடிச்சு ஹெட்லைட் கழட்டி மாட்டினா சொல்லவே வேணாம். எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு ரைஸ் மில்லு இருக்கு, நெல்லு காயப்போடுற சிமெண்டுக் களம், மட்டமா இருக்கும், எதிர்ல வெள்ளையடிச்ச சுவரு, இதை விட நல்ல இடம் எங்க கிடைக்கும். சாயங்காலம் மச்சானைக் கூட்டிக்கிட்டுப் போனேன். நாலு டயர்லயும் காத்து சரி பாத்து, டாங்குல பாதி பெட்ரோல், டிரைவர் சீட்டுல மச்சான். அவன் வெயிட்டும் என் வெயிட்டும் ஒன்னுதான், அதனால அவனே போதும். டேஷ்போர்டுல ஹெட்லைட் லெவல் திருகு இருக்கும்ல, அது பூஜ்யத்துல.

சுவத்துலருந்து சரியா 10 மீட்டர் தள்ளி வண்டியை நேரா நிறுத்தினோம். ஹெட்லைட்டோட நடு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்னு அளந்தேன், 65 சென்டிமீட்டர். சுவத்துல 65ல சாக்பீஸால ஒரு கோடு, அதுக்குக் கீழ 55ல ஒரு கோடு. 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்கணும், அதான் ஒரு சதவீதம், நிறைய வண்டியில ஹெட்லைட் மேலயே இந்தச் சதவீதம் அச்சடிச்சிருப்பாங்க, அதைப் பாத்து வச்சுக்கிட்டா நல்லது. ஒரு லைட்டு மேல கோணியைப் போட்டு மூடிட்டு இன்னொன்னைப் பாக்கணும், ரெண்டையும் சேத்துப் பாத்தா குழம்பிரும். லோ பீம்ல மேல இருட்டு கீழ வெளிச்சம்னு ஒரு கோடு விழும். நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டுறோம்ல, அதனால அந்தக் கோடு வலது பக்கம் மட்டமா இருந்துட்டு, நடுவுல இருந்து இடது பக்கம் சாஞ்சு மேல ஏறும், ஓரத்துல நடந்து போறவங்களையும் போர்டையும் காட்டுறதுக்கு. மட்டமா இருக்கிற பகுதி 55 கோட்டுல உக்காரணும். ஹெட்லைட் பின்னாடி ரெண்டு திருகு, ஒன்னு மேல கீழ, இன்னொன்னு இடது வலது. என்னோடதுல வலது லைட்டு 70ல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எத்தனை வருசமா அப்படி இருந்துச்சோ, யாரெல்லாம் திட்டினாங்களோ.

அங்கேயே அந்த எல்ஈடியையும் மறுபடி மாட்டிப் பாத்தோம், மச்சானுக்கு ஆசை. சுவத்துல கோடே விழல, மேல ஓட்டுக் கூரை வரைக்கும் வெள்ளையா ஒரு பூசல். அப்புறம் இன்னொன்னு பண்ணோம், ரோட்டுல கருப்புக் கோணியைச் சுருட்டி வச்சிட்டு எவ்வளவு தூரத்துல தெரியுதுன்னு பின்னாடி நடந்து எண்ணினோம். எல்ஈடி லோ பீம்ல 45 எட்டுல மறைஞ்சிருச்சு. புது ஹாலஜன்ல 60 எட்டு வரைக்கும் தெரிஞ்சுச்சு. எனக்கே நம்பிக்கை வரல, திரும்பவும் எண்ணினேன். கிட்டத்துல பளீர்னு அடிக்கிறதால கண்ணு அதுக்குச் சுருங்கிக்குது, தூரம் இருட்டாயிருது, நமக்கோ பகல் மாதிரி இருக்கிற நெனப்பு. மழையில இன்னும் மோசம், ஐப்பசி கார்த்திகையில நனைஞ்ச தார் ரோட்டுல அந்த வெள்ளை வெளிச்சம் விழுந்த இடமே தெரியாது.

ஃபோகஸ் வச்சாச்சு, வேலை முடிஞ்சுச்சுன்னு நெனச்சா ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்புறப்ப மறுபடி எதிர்ல வர்றவங்க டிம் அடிக்கச் சொல்றாங்க. என்னடான்னு பாத்தா டிக்கியில அத்தை ஏத்தி விட்ட அரிசி மூட்டை ரெண்டு, தேங்காய் ஒரு சாக்கு, பின் சீட்டுல பிள்ளைங்க வேற. பின்பக்கம் அமுங்கினா மூக்கு தூக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் 240 சென்டிமீட்டர், பின்னாடி வெறும் 3 சென்டிமீட்டர் அமுங்கினாலே ஒன்னேகால் சதவீதம் லைட்டு மேல ஏறிடும், நாம கஷ்டப்பட்டு வச்ச ஒரு சதவீதம் காலி. அதுக்குத்தான் அந்தத் திருகு, 0 1 2 3ன்னு போட்டது, வாங்கின நாள்லருந்து நான் அதைத் தொட்டதே இல்ல, ஏசி சம்பந்தப்பட்டதோன்னு கூட ஒரு சந்தேகம் இருந்துச்சு. மூட்டை ஏத்தினா 3. இப்ப அத்தை சாக்கைத் தூக்குறப்பவே கை தானா அங்க போயிரும்.

எதிர்ல கூசுற லைட்டு வந்தா நான் இப்ப பண்றது, பதிலுக்கு பிரைட் அடிக்கிறது இல்ல, வேகத்தைக் குறைச்சிட்டு இடது ஓரத்துல இருக்கிற வெள்ளைக் கோட்டைப் பாத்து ஓட்டுறது, லைட்டை நேரா பாக்கவே கூடாது. லாரிக்காரங்க சில பேரு எதிர்ல வண்டி வந்தா வலது இண்டிகேட்டரைப் போட்டுக் காட்டுவாங்க, என் வண்டி இதுவரைக்கும்தான் அகலம்னு, அது நல்ல பழக்கம், நானும் சின்ன ரோட்டுல போட ஆரம்பிச்சிருக்கேன். உள்பக்கக் கண்ணாடியை ராத்திரிக்குச் சாய்ச்சு விடுற குச்சியை உபயோகப்படுத்துங்க. முன் கண்ணாடியை உள்பக்கமும் துடைங்க, அங்க படியுற எண்ணெய் மாதிரிப் படலம்தான் எதிர் லைட்டைப் பெருசாக்கிக் காட்டுறது, பழைய நியூஸ் பேப்பரும் தண்ணியும் போதும். ராத்திரிக்குன்னு விக்கிற மஞ்சக் கண்ணாடி வாங்கினேன், தண்டம், உள்ள வர்ற கொஞ்ச வெளிச்சத்தையும் அது குறைக்குது. கண் டாக்டர்கிட்டப் போனதுதான் உருப்படியான காரியம், எனக்குப் பவர் மாறியிருந்துச்சு, மாமாவையும் கூட்டிட்டுப் போனேன், அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை ஆரம்பிச்சிருக்குன்னு சொன்னாங்க, ஒரு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சிருச்சு.

வலது ஹெட்லைட்ல இன்னும் ஒரு குறை பாக்கி. 100/90 போட்டிருந்த காலத்துல சூடு மேல ஏறி ரிஃப்ளெக்டர்ல பல்புக்கு மேல ஒரு இடம் கருகி மங்கிருச்சு, எல்ஈடிக்காக வெட்டின ரப்பர் வழியா மழைத் தண்ணியும் உள்ள போயி ஓரத்துல பூத்திருக்கு, அதை சரி பண்ண முடியாது, அசெம்ப்ளியே மாத்தணும். ரப்பர் மூடி மட்டும் இப்போதைக்குப் புதுசு. அந்த எல்ஈடி செட்டு டப்பாவோட பரண்ல கெடக்குது, மச்சான் அவன் பைக்குக்குக் கேட்டான், குடுக்கல. விக்கவும் மனசு வரல, வாங்குறவன் எந்த ரோட்டுல வருவான்னு யாருக்குத் தெரியும்.

போன மாசம் புதுக்கோட்டையில ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிச்சிட்டு மாமாவை முன் சீட்டுல உக்கார வச்சு கூட்டிட்டு வந்தேன். எதிர்ல ஒருத்தன், அதே 6000 கெல்வின், அதே வெள்ளைக் கட்டி. மாமா துண்டை எடுத்து மூஞ்சிக்கு நேரா பிடிச்சிக்கிட்டு, "இவனுங்க வீட்டுலயெல்லாம் வயசானவங்களே கிடையாதா மாப்ள?"ன்னாரு.

"இருப்பாங்க மாமா"ன்னு சொல்லிட்டு, டிம் பண்ணி, இடது கோட்டைப் பாத்து ஓட்டினேன்.